இயந்திரமும் கையும்

கைத்தொழில் பெருகிய நாட்டிலே செல்வமும் பெருகும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. அக்கைத்தொழிலுக்கு அடித்தளமாய் நிற்பது இயந்திரப் பட்டறை. அரிசி ஆலையின் அச்சுத்தண்டு முறிந்தாலும், தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரமொன்று பழுதுற்றாலும், அவற்றை மீண்டும் இயங்கச் செய்வது பட்டறைத் தொழிலாளியின் கையே. காலையில் வேலைக்குச் சென்ற அந்தக் கை மாலையில் ஊறின்றி வீடு திரும்புதல் வேண்டும். திரும்பாதவிடத்து, 'கெட்ட காலம்' என்றும் 'தலைவிதி' என்றும் கூறி ஆறுதல் அடைவது பலருக்கு வழக்கமாயிற்று. ஆயின் பட்டறை விபத்துக்களின் வரலாற்றை ஆராயுமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான காரணங்கள் இருத்தலைக் காணலாம். காரணம் அறியப்பட்ட தீங்கு தடுக்கக்கூடிய தீங்காகும்.

முதற் காரணம், மனிதனின் வேகமும் இயந்திரத்தின் வேகமும் ஒவ்வாமை. இதனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். நிமிடத்துக்கு 1000 முறை சுழலும் தண்டொன்று, ஒரு செக்கனில் 16 முறைக்கு மேற் சுழல்கிறது. ஆபத்தை உணர்ந்து கையை இழுப்பதற்கு மனிதனுக்கு ஏறத்தாழக் கால் செக்கன் வேண்டும். அதற்குள் தண்டு நான்கு முறை சுழன்றுவிடும். தண்டின் விட்டம் 2 அங்குலமாயின், அதிலே சிக்கிய சட்டைக் கை 2 அடிக்கு மேல் உள்ளிழுக்கப்பட்டிருக்கும். தோளிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. 'பிடித்தால் இழுத்துக்கொள்ளலாம்' என்னும் துணிவு எத்துணைப் பேதைமையானது என்பதற்கு இக்கணக்கே சான்று.

ஆதலினாலேயே கடைசல் இயந்திரத்தருகிலும் துளையிடும் இயந்திரத்தருகிலும் நிற்பவனுடைய உடை உடலோடு ஒட்டியிருத்தல் வேண்டும் என்று விதித்தனர். தொங்கும் சட்டைக் கை, தோளிற் கிடக்கும் துவாய், காற்றில் அலையும் சாரம், மோதிரம், கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகிய யாவும் அங்கே ஆகாதவை. கையுறையைப் பற்றிப் பலரும் தவறாக எண்ணுவதுண்டு. கூரிய தகட்டைச் சுமப்பவனுக்குக் கையுறை காவல். சுழலும் இயந்திரத்தை இயக்குபவனுக்கோ அதுவே பகை. வெறுங்கை உராய்ந்து தோலுரிவதோடு தப்பக்கூடிய இடத்தில், கையுறை சிக்கி விரலையும் உடன் இழுத்துச் சென்றுவிடும்.

கடைசல் இயந்திரத்திலே நேரும் தீங்குகள் பல சிறிய மறதிகளிலிருந்தே பிறக்கின்றன. வேலைப்பொருளை இறுகப் பற்றும் 'சக்' என்னும் உறுப்பை முடுக்கிய சாவியை அதிலேயே விட்டு ஆளியை அழுத்தினால், அச்சாவி எறிபடையாகப் பாயும். சாவியிலிருந்து கையை எடுக்குமுன் சாவியையே எடுத்துவிட வேண்டும் என்பது நல்ல ஆசான்கள் முதல் நாளிலேயே கற்பிக்கும் பாடம். நீண்டு சுருளும் உலோகச் சீவல் கத்தியினும் கூரியது. இயந்திரத்தை நிறுத்திய பின், கொக்கியாலோ தூரிகையாலோ அதனை அகற்ற வேண்டும், கையாற் பற்றலாகாது. துளையிடும்போது வேலைப்பொருளை ஒரு கையாற் பிடித்துக்கொள்வதும் பெருந்தவறு. துளைக்கருவி சிக்கிய கணமே அப்பொருள் கருவியோடு சேர்ந்து சுழன்று கையை வெட்டும்.

சாணைச் சக்கரத்தைப் பற்றித் தனியாகக் கூறுதல் தகும். 8 அங்குல விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 முறை சுழலுமாயின், அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 110 கிலோமீற்றரையும் கடக்கும். சக்கரம் வெடித்தால் அதன் துண்டுகளும் அவ்வேகத்திலேயே பறக்கும். புதிய சக்கரத்தைப் பொருத்துமுன் மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். தெளிந்த ஓசை எழுந்தால் நன்று. மந்தமான ஓசை கேட்டால் உள்ளே வெடிப்பு உண்டென்று ஐயுற்று விலக்கிவிட வேண்டும். பொருளைத் தாங்கும் மேடைக்கும் சக்கரத்துக்கும் இடையே 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி இருத்தலாகாது. இருப்பின், பொருள் அதனுள் இறுகிச் சக்கரத்தைப் பிளந்துவிடும். சக்கரத்தை ஓடவிடும்பொழுது நேரெதிரே நில்லாது ஒருபுறம் ஒதுங்கி நிற்றலும், கண்ணாடி அணிதலும் ஒருநாளும் தவறலாகாதவை.

பழுது பார்க்கும் வேளையிலே வேறோர் ஆபத்து உண்டு. ஒருவன் இயந்திரத்தினுள் கைவைத்திருக்க, அதனை அறியாத மற்றொருவன் ஆளியை அழுத்திவிடுகிறான். பிரதான ஆளியை நிறுத்திப் பூட்டி, அப்பூட்டின் திறப்பை வேலை செய்பவன் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வானாயின் இவ்வாபத்து நீங்கும். ஒரு சிறிய பூட்டின் விலையை உயிரின் விலையோடு ஒப்பிடுவார் எவர்?

இவ்விதிகள் எளிதிற் கிடைத்தவையல்ல. இங்கிலாந்தின் நூலாலைகளிலே சுழல்தண்டுகளுக்கு இரையான சிறுவர்களும் பெண்களும் பலர். 1844 ஆம் ஆண்டிலே நிறைவேறிய பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம் அத்தகைய இயந்திர உறுப்புகளுக்கு வேலியிடுமாறு விதித்தது. இலங்கையிலே 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பிடும் கடமையை விதிக்கின்றது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது காயமுற்றவருக்கு நட்டஈடு பெறும் உரிமையை அளித்தது. ஆயினும் இழந்த விரலுக்குச் சட்டம் விலை குறிக்கலாமேயன்றி, விரலை மீட்டுத் தருதல் இயலாது.

இத்துணைச் சட்டங்கள் இருந்தும் காப்பு மூடி பட்டறை மூலையிற் கிடப்பது ஏன்? அதனைக் கழற்றினால் வேலை சற்று விரைவாக முடியும். எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. காலக்கெடு நெருங்கிய முதலாளியும் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகிறார். பின்னர் விபத்து நேர்ந்தால், 'அவன் கவனமாயிருக்கவில்லை' என்று பழி முழுவதும் தொழிலாளிமேல் விழுகிறது. இது நீதியன்று. பத்து மணி நேரம் உழைத்துக் களைத்த கண் ஒரு கணம் தவறுதல் இயற்கை. அவ்வொரு கணத்துக்காகவே காப்பு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. இயந்திரத்துக்குக் காப்பிடுவது உடையவரின் கடன். இட்ட காப்பைக் கழற்றாதிருப்பது தொழிலாளியின் கடன். முன்னையது நிறைவேறாதவிடத்துப் பின்னையதைப் பற்றி உபதேசிப்பதிற் பயனில்லை.

இவற்றுள் எல்லாம் பெரிய பொறுப்பு அனுபவம் முதிர்ந்தோருடையது. இருபது ஆண்டுகள் ஊறின்றி உழைத்த ஒருவர், காப்பில்லாத சக்கரத்திலே துணிந்து வேலை செய்கிறார். பக்கத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பயிலுநன் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சுவரில் ஒட்டிய விதிகளை அவன் ஒருமுறை வாசிப்பான். ஆசானின் கைகளையோ நாள்தோறும் வாசிப்பான். அவர் காப்பு மூடியை இறக்கிய பின்னரே ஆளியைத் தொடுவாராயின், அவனும் அவ்வாறே பழகுவான். அவனுடைய பத்து விரல்களும் நாளை அவனுக்குத் துணை நிற்கும்.