வீட்டிலிருந்தே ஆங்கிலம்

முள்ளிக்குளம் போன்ற மன்னார்க் கரையோர ஊர்களிலே வலையிழுக்கவும் மீன் விலை பேசவும் தமிழ் ஒன்றே போதும். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின்னர்க் கனடாவிற் குடியேறிய ஈழத்தமிழர்க்கோ, மருத்துவரிடம் நோயை உரைப்பதற்கும் ஆங்கிலம் வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் பள்ளியிலே விரைந்து கற்றுவிடுகின்றனர். கைக்குழந்தையோடு வீட்டிலிருக்கும் தாயோ, தன் உடல்நோவைப் பத்து வயது மகன் வாயிலாகக் கூறும் நிலைக்கு ஆளாகிறாள். மகனிடம் சொல்லத் தகாததை மறைத்தும் விடுகிறாள். இதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

வீட்டிலிருந்து கற்பது புதிய வழக்கமன்று. பி.பி.சி. நிறுவனம் 1943-லேயே வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிற்று. கனடிய அரசு, புதிதாகக் குடியேறியோர்க்குக் கட்டணமின்றி மொழி கற்பிக்கும் 'லிங்க்' திட்டத்தை 1992-இல் ஏற்படுத்தியது. வகுப்பிற்குச் செல்ல இயலாதார்க்கு, ஆசிரியர் தொலைபேசியிலே பேசிப் பழக்கும் முறையும் அதில் அமைந்தது.

கற்க விழையும் தாய்மார் இலக்கணத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. முகவரி, நோவு, மருந்து, பேருந்து ஆகியவை பற்றிய சொற்களை முதலிற் கொள்க. கேட்டதை வாய்விட்டுச் சொல்லுக. நாள்தோறும் அரைமணி நேரம் போதும். பிள்ளைகளோடு மட்டும் தமிழிலேயே பேசுக. அவர்கள் அம்மொழியைப் பெறத்தக்க இடம் வீடேயாகும்.