உடன்படிக்கையின் சொல்லும் ஒன்றியத்தின் வாழ்வும்



கெடாவின் தோட்டப்புறங்களில் முதியோர் வாயிலாக ‘சஞ்சிக்கூலி’ என்னும் சொல்லை நாம் கேட்டிருக்கிறோம். மலாய் மொழியில் வாக்குறுதியைக் குறிக்கும் ‘ஜஞ்சி’ என்பதே தமிழர் நாவில் சஞ்சி ஆயிற்று என்பர். நாடுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கும் மலாயில் ‘பெர்ஜஞ்சியான்’ என்றே பெயர். ஆக, கூலியாள் கைந்நாட்டு வைத்த தாளுக்கும் அரசர் முத்திரையிட்ட தாளுக்கும் வேர்ச்சொல் ஒன்றே. கேட்க வேண்டிய வினாக்களும் ஒன்றே. எழுதியவர் யார்? இசைந்தவர் யார்? எழுதியதைக் காக்கும் அமைப்பு எது?

1909 மார்ச் 10 அன்று பாங்காக்கில் சயாமும் பிரிட்டனும் ஓர் உடன்படிக்கை செய்தன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றின் மீது தனக்கிருந்த உரிமைகளைச் சயாம் பிரிட்டனுக்கு மாற்றிக் கொடுத்தது. கையெழுத்திட்டோருள் கெடா சுல்தான் இல்லை. ஆயினும் அத்தாளின் விளைவாகவே அலோர் ஸ்டாரில் பிரிட்டிஷ் ஆலோசகர் வந்தமர்ந்தார். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோரில் பலர் வாழ்ந்து உழைத்ததும் அந்த ஆட்சியமைப்பின் கீழேதான்.

1923இல் கெடா தானே ஒரு தரப்பாக நின்று பிரிட்டனுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆட்சிமன்றத்தோடு கூடிய சுல்தானின் எழுத்துவழி இசைவின்றிக் கெடாவை வேறெந்த மாநிலத்தோடும் இணைக்கலாகாது என்பது அதன் ஒரு விதி. போர் முடிந்தபின், 1945இன் இறுதியில், சர் ஹெரால்டு மெக்மைக்கேல் மலாய் மாநிலங்கள்தோறும் சென்று புதிய உடன்படிக்கைகளுக்குக் கையெழுத்துப் பெற்றார். கெடா சுல்தான் பட்லிஷா நெருக்குதலுக்கு ஆட்பட்டே கையெழுத்திட்டார். அவ்வாறு எழுந்த மலாயன் யூனியன் 1946 ஏப்ரல் 1 அன்று பிறந்தது. மலாய் மக்களின் எதிர்ப்பால் ஈராண்டுகூட நிலைக்கவில்லை. ஆட்சியாளர்களோடு மீண்டும் பேசிச் செய்த உடன்படிக்கையால் 1948 பிப்ரவரி 1 அன்று மலாயாக் கூட்டரசு அமைந்தது. முன்னதில் கையெழுத்து இருந்தது; மனமார்ந்த இசைவு இல்லை.

இதில் நமக்கொரு கசப்பும் உண்டு. மலாயன் யூனியன் முன்வைத்த குடியுரிமை விரிந்தது. 1948இன் உடன்படிக்கை அதனைச் சுருக்கியது. தோட்டத் தமிழருள் பலர் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். இரண்டு முறையும் அவர்களுடைய இசைவை எவரும் கேட்கவில்லை.

இனி உலகை நோக்குவோம். 1957இல் ஆறு நாடுகள் ரோம் நகரில் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஆணையம், அமைச்சரவை, பேரவை, நீதிமன்றம் என்னும் நான்கு அமைப்புகளுக்கும் அதிகாரம் வகுத்தது. உடன்படிக்கை கொடாத அதிகாரம் அவற்றுக்கு இல்லை. அந்நீதிமன்றமோ 1964இல், தேசியச் சட்டத்தோடு முரண்படும்போது சமூகச் சட்டமே மேலோங்கும் என்று தீர்ப்பளித்தது. மொழிநிலையும் எழுத்தைப் பொறுத்ததே. 1958இல் நான்காயிருந்த ஆட்சிமொழிகள் இன்று இருபத்து நான்கு. ஐரிஷ் மொழி 1973 முதலே உடன்படிக்கை மொழி. ஆயினும் ஆட்சிமொழித் தகுதி பெற்றது 2007இல்தான். ஏட்டில் இடம்பெறுதல் வேறு, அலுவலகத்தில் வாழ்தல் வேறு.

நம் ஆசியான் 1967இல் பாங்காக்கில் பிறந்தது. அது பிறந்தது உடன்படிக்கையால் அன்று, பிரகடனத்தால். 2008 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த சாசனமே அதற்குச் சட்ட ஆளுமை தந்தது. கலந்தாய்வும் கருத்தொருமிப்புமே அதன் முடிவெடுக்கும் முறை. ஐரோப்பாவைப் போல் உறுப்பு நாடுகளின் சட்டத்தை மீறி நிற்கும் நீதிமன்றம் அதற்கில்லை. ஆங்கிலமே அலுவல் மொழி. ஆதலால் ஒன்றியம் என்னும் சொல்லை ஆசியானுக்கு வழங்குவது பொருந்தாது. சங்கம் என்பதே தகும்.

இவையெல்லாம் நம் வகுப்பறைக்குத் தொலைவானவை அல்ல. 1957 ஆகஸ்ட் 5 உடன்படிக்கையின் வழிவந்த நம் அரசமைப்பின் 152ஆம் பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழியாக்கியது. பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடை செய்யலாகாது என்றும் கூறிற்று. தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2021இல் உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. எழுதிய சொல்லும் அதைக் காக்கும் அமைப்பும் ஒருங்கே இருந்தமையால் நம் பள்ளிகள் காப்புப் பெற்றன.

மாணவச் செல்வங்களே, உடன்படிக்கைகளைப் படிக்கும்போது பெயர்ச்சொற்களின் பெருமிதத்தில் மயங்காதீர்கள், வினைமுற்றுகளைப் பாருங்கள். ‘செய்யலாம்’ என்பது விருப்பம். ‘செய்தல் வேண்டும்’ என்பது கடமை. ‘செய்யலாகாது’ என்பது காவல். இவ்வேறுபாட்டை உணர்த்துவது இலக்கண ஆசிரியரின் பணி. தாளில் இருப்பதைப் படித்தறியாமல் கைந்நாட்டு வைத்த தலைமுறையின் பேரர்கள் நாம். அந்நிலை மீளாதிருக்கப் படித்தறிவோம், பிறகு ஒப்பமிடுவோம்.