டெல்டாவும் ஸ்டாரும் ஒண்ணா?

செகண்ட் இயர் சர்க்யூட் தியரில எனக்கு அரியர் விழுந்ததுக்குக் காரணம் ஒரே ஒரு குழப்பம்தான்.

டெல்டாவில் மூணு ரெசிஸ்டர், எல்லாமே 30 ஓம்னு வெச்சுக்கோங்க. ஸ்டாராக மாற்ற, ஒரு முனையைத் தொடும் ரெண்டையும் பெருக்கி, மூணோட கூட்டுத்தொகையால் வகுக்கணும். ஒவ்வொரு கையும் 10 ஓம்.

சரிபார்ப்போமா? ரெண்டு முனைக்கு நடுவே, டெல்டாவில் 30-உம் 60-உம் பேரலல்: 20 ஓம். ஸ்டாரில் 10-உம் 10-உம் சீரிஸ்: அதே 20.

கென்னெலி 1899-ல் எழுதிய இந்தச் சமன்பாடு வெளி முனைகளுக்குத்தான் பொருந்தும். நானோ, ஸ்டார் கையில் ஓடும் கரன்ட்டையே டெல்டா ரெசிஸ்டரோட கரன்ட்னு எழுதிட்டேன். முனைகளோட வோல்டேஜைக் கண்டுபிடிச்சு, டெல்டாவுக்குத் திரும்பி வந்திருக்கணும். நீங்க மறக்காம திரும்பி வாங்க!