பொன்முட் கள்ளி

மழையும் மூடுபனியும் மலிந்த இறம்பொடையிற் பாலைநிலத்துக் கள்ளி ஒன்றை வளர்ப்பது பற்றிச் சில கூற விழைகின்றேன். அருவியின் ஓசை ஓயாத ஊரில் நீர் வேண்டாச் செடிக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே.

முதலிற் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி என நம் முன்னோர் அழைத்தவை ஒடித்தாற் பால் வடிவன. யான் கூறும் கள்ளி அவ்வினத்ததன்று. பாலற்ற இக்குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அதனுள் ஒரேயோர் இனம் மட்டும் ஆபிரிக்காவிலும் நம் இலங்கையிலும் இயற்கையாக வாழ்கின்றது. அதுவும் பாலையிலன்று, ஈரக்காட்டு மரங்களிற் பச்சைக் கயிறுபோலத் தொங்குவது.

பொன்முட் கள்ளியைத் தாவர நூலோர் எக்கினோகாக்டஸ் குரூசோனி என்பர். ஜெர்மனியின் மக்டபேர்க் நகரில் இரும்பு வார்ப்பாலை நடத்திப் பெருங் கள்ளித் தொகுதியொன்றையும் பேணிய ஹேர்மன் குரூசனின் பெயரை 1891ஆம் ஆண்டில் இதற்குச் சூட்டினர். பூசணிக்காய் போன்ற உருண்டை உடல். மேலிருந்து கீழாக ஓடும் விலாக்கள். அவற்றின் விளிம்பெங்கும் பொன்னிற முட்கள். காலை வெயில் படும்போது விளக்கேற்றி வைத்தாற்போல் ஒளிரும். ஆங்கிலேயர் இதற்கு 'மாமியார் மெத்தை' என்று பகிடிப் பெயரும் இட்டுள்ளனர். நம்மவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

இதன் தாயகம் மெக்சிக்கோ நாட்டின் மலைப் பள்ளத்தாக்குகள். கெரேத்தாரோ, இடால்கோ மாநிலங்களின் எல்லையில் 1990களிற் சிமாப்பான் அணை கட்டப்பட்டபோது, இக்கள்ளி செறிந்திருந்த பாறைச் சரிவுகள் பல நீரில் மூழ்கின. எஞ்சியவற்றையும் விற்பனைக்காகத் தோண்டிச் சென்றோர் பலர். ஆதலால் உலகெங்கும் நாற்றுமேடைகளில் விதையிலிருந்து பெருந்தொகையாக வளர்க்கப்படும் இச்செடி, தன் சொந்த மண்ணில் அழிவின் விளிம்பை அடைந்துள்ளது. 1985ஆம் ஆண்டிற் கொத்மலை அணை நிறைவெய்தியபோது ஊர்களும் வயல்களும் நீரடியிற் போனதை அறிந்தவர் நாம். வரட்சியில் நீர்மட்டம் தாழ்ந்தாற் கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் வெளித்தோன்றுகின்றன. ஆகவே, வீடிழந்த ஒரு செடியை ஒரு சாடியில் வைத்துக் காப்பது வெறும் அலங்கார ஆசையென்று நான் கருதவில்லை. ஆயின், காட்டிலிருந்து பெயர்த்ததை ஒருபோதும் வாங்கலாகாது; விதையில் வளர்ந்த நாற்றையே வாங்க வேண்டும்.

இனி வளர்ப்பு முறை. நம் மலைநாட்டில் இக்கள்ளியின் பகைவன் வரட்சி அன்று, ஈரம். தேயிலைக்கு உகந்த புளிப்பு மண்ணைச் சாடியில் நிரப்பினால், அது மழைக்காலம் முழுவதும் நீரைப் பிடித்து வைத்து வேரை அழுகச் செய்யும். பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல்லும் கரித்துண்டும் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு போதும். அடியில் துளையுள்ள மண்சாடியே சிறந்தது. அதன் சுவரும் ஈரத்தை வெளியே விடும்.

வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை ஓயாது. அக்காலத்திற் சாடி கூரையின் கீழ் இருக்க வேண்டும்; ஆனால் ஒளி குறையலாகாது. ஒளி புகும் தகடு வேய்ந்த தாழ்வாரம் ஏற்றது. இருண்ட லயத்து அறைக்குள் வைத்தால் உருண்டை மெலிந்து மேல்நோக்கி நீளும். மழை விட்டதும் ஒரே நாளிற் கடும் வெயிலில் வைத்தால் தோல் கருகும். சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

நீர் ஊற்றுமுன் ஈர்க்கொன்றைச் சாடியின் அடிவரை செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டாம். தை முதற் பங்குனி வரை, வெயில் எறிக்கும் நாள்களில், பத்து நாளுக்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கூட மிகுதியாகலாம். தாகத்தில் விலாக்கள் சற்றுச் சுருங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. நீர் கிடைத்ததும் துருத்திபோல் விரியும். அடிப்பகுதி பழுப்பாகி மென்மையுற்றாலே ஆபத்து.

பாடசாலைகளில் இச்செடியைக் கொல்வது பிள்ளைகளின் அன்பே. வகுப்பு முடிந்து போகையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் போத்தலில் எஞ்சிய நீரை அதற்கு ஊட்டிவிட்டுச் செல்லும். எங்கள் பாடசாலையில் ஒரு மாணவியிடம் மட்டும் அப்பொறுப்பைக் கொடுத்து, ஊற்றிய நாளைக் கொப்பியிற் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். கொழுந்து நிறுத்துத் திரும்பிய தாயொருவர் சாடியை உற்று நோக்கி, "ஐயா, இது வளருதா, இல்ல சும்மா இருக்குதா?" என்று கேட்டார். வளர்கிறது, ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற் சென்று உடல் பருத்த பின்னரே உச்சியின் கம்பளி மயிரிடையே மஞ்சட் பூக்கள் தோன்றும்.

மாவுப்பூச்சி கண்டால், மதுசாரத்தில் நனைத்த பஞ்சினாலே துடைத்தெடுங்கள். சாடி மாற்றுகையில், மடித்த சாக்கினாற் செடியைச் சுற்றிப் பிடியுங்கள், வெறுங்கை வேண்டாம். விதையிலிருந்து தொடங்க விரும்புவோர், அதனை மணற்கலவையின் மேலே தூவிக் கண்ணாடித் துண்டால் மூடி, முளைக்கும் வரை ஈரம் காயாது காக்க வேண்டும். இதன் வாழ்நாளில் ஓயாத ஈரத்தை விரும்பும் பருவம் அஃதொன்றே. முளைத்தபின் கண்ணாடியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக விலக்குங்கள்.