கையில் போன் இருந்தால் போதுமா?

(தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஒரு காலத்தில் ராத்திரியில் வலி கண்டால் கொழுந்து லொறியைத்தான் நம்பியிருந்தோம். 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. காசு கிடையாது. ஆனாலும் ஒரு விசயம் சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில் எங்கள் டிவிசனில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு ரத்தம் போகத் தொடங்கியது. உடனே 1990க்குப் போன் எடுத்தோம். "எந்த இடம்?" என்று கேட்டார்கள். பதட்டத்தில் "மேல் லயம்" என்றோம். மேல் லயம் எல்லாத் தோட்டத்திலும் உண்டே! வண்டி வழி தெரியாமல் சந்தியில் நின்றுவிட்டது. வீடு வீடாக வந்து பழகிய மிட்வைப் அம்மாதான் போனிலேயே வழி சொன்னார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

ஆகவே தோட்டம், டிவிசன், லய இலக்கம், பெரிய றோட்டிலிருந்து திரும்பும் இடம் எல்லாவற்றையும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மிட்வைப் அம்மாவின் நம்பரையும் பக்கத்தில் எழுதுங்கள். சிக்னல் பிடிக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். வண்டி வரும்போது ஒருவர் டோர்ச்சோடு சந்தியில் நிற்கட்டும்.

ரத்தம் போதல், வலிப்பு, கடும் தலைவலியோடு கண் மங்கல், வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைதல் – இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.