கருவகத்தின் கணக்கில் தமிழ் எழுத்து



இத்தகைய மேடைகளில் இலக்கணமும் இலக்கியமுமே பெரிதும் பேசப்பெறுகின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினியின் உள்ளிடத்தைப் பற்றியது. ஆயினும் இதுவும் எழுத்திலக்கணம் சார்ந்ததே. தமிழ் எழுத்தைக் கணினி எவ்வாறு எண்ணுகிறது, அவ்வெண்ணிக்கையை நாமே கண்டறிவது எவ்வாறு, அதனால் நம் பிள்ளைகளுக்கு நேர்வது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

ஓடும் பருப்பும்

முதலில் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினியின் இயங்குதளத்தில் நடுவே அமர்ந்து நினைவகம், செயலி, வட்டு, விசைப்பலகை ஆகிய அனைத்தையும் ஆளும் பகுதிக்குக் கர்னல் என்பது ஆங்கிலப் பெயர். நாம் அதனைக் கருவகம் என ஆள்கிறோம். பயனர் தட்டும் கட்டளையைப் பெற்று வேண்டிய நிரல்களை இயக்கி, கருவகத்தின் பணியை நமக்குப் பெற்றுத் தரும் பகுதிக்கு ஷெல் என்பது பெயர். கர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. ஷெல் என்றால் அதன் மேலோடு. ஓட்டைத் தட்டினால் பருப்பு விடை கூறும் என்பதே இவ்வுருவகத்தின் உட்பொருள். கட்டளை வரி என நாம் கூறுவது அவ்வாறு தட்டும் இடத்தையே.

கருவகம் தன் பணிக்காகப் பல பட்டியல்களைத் தன்னுள் வைத்திருக்கிறது. எந்தெந்த நிரல்கள் இயங்குகின்றன, ஒவ்வொன்றின் எண் யாது, பெயர் யாது, எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொண்டது என்பன அவற்றில் அடங்கும். இவற்றைத் தரவுக் கட்டமைப்புகள் என்பர். கடைக்காரர் ஒருவரின் பேரேட்டில் பக்கங்களும் பத்திகளும் வகுக்கப்பட்டிருப்பது போல, இவற்றிலும் ஒவ்வொரு செய்திக்கும் இத்துணை இடம் என முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளது.

பேரேட்டைப் பார்க்கும் வழி

1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டு, இன்று கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை பரவியுள்ள லினக்ஸ் கருவகத்தையே நம் சான்றாகக் கொள்வோம். அதன் பேரேட்டைப் பார்க்க மூலநிரலைத் திறக்க வேண்டுவதில்லை. புராக் என்னும் அடைவைத் திறந்தாலே போதும். இயங்கும் நிரல்களைக் கோப்புகளாகக் காட்டலாம் என்னும் இக்கருத்தை டாம் கில்லியன் என்பார் 1984ஆம் ஆண்டிலேயே யூனிக்ஸ் ஆய்வுலகில் எடுத்துரைத்தார். லினக்ஸ் அக்கருத்தை விரிவாக்கிக்கொண்டது.

புராக் அடைவில் உள்ளவை கோப்புகள் போலத் தோன்றும். ஆனால் வட்டில் எங்கும் எழுதப்பட்டவை அல்ல. அவற்றுட் பலவற்றின் அளவு சுழி என்றே காட்டப்படும். நாம் படிக்க முற்படும் அக்கணத்தில் கருவகம் தன் பேரேட்டைப் பார்த்து விடையை எழுதித் தருகிறது. 'மெம்இன்ஃபோ' என்னும் கோப்பைப் படித்தால் நினைவகக் கணக்கு வரும். 'மாட்யூல்ஸ்' என்பதைப் படித்தால் கருவகத்தோடு இணைந்துள்ள கூறுகளின் பட்டியல் வரும். 'ஸ்லாப்இன்ஃபோ' என்பதைப் படித்தால் ஒவ்வொரு வகைக் கட்டமைப்பிலும் எத்தனை உருப்படிகள் உள்ளன, ஒவ்வொன்றும் எத்தனை பைட்டு என்பது வரிவரியாக வரும். இக்கடைசிப் பட்டியலைப் படிக்க நிருவாகி உரிமை வேண்டும். 'ஸ்லாப்டாப்' என்னும் கட்டளை அதனை இயங்குநிலையிலேயே வரிசைப்படுத்திக் காட்டும்.

பார்ப்பது மட்டுமன்றி மாற்றுவதும் இவ்வழியே இயலும். புராக் அடைவினுள் 'சிஸ்' என்னும் உள்ளடைவு ஒன்று உண்டு. அதிலுள்ள கோப்புகளில் புதிய மதிப்பை எழுதினால் கருவகம் அப்போதே அதனை ஏற்கும். 'சிஸ்சிடிஎல்' என்னும் கட்டளை இதற்கெனவே அமைந்தது. சான்றாக, நிரல்களுக்கு வழங்கும் எண்ணின் மேல்வரம்பு இயல்பாக 32768 என அமைந்திருக்கும். 64 பிட்டுக் கணினியில் அதனை 4194304 வரை உயர்த்தலாம். இவ்வாறு செய்த மாற்றம் கணினியை மறுபடி தொடங்கும்போது மறைந்துவிடும்; நிலைக்க வேண்டுமாயின் அமைவுக் கோப்பில் எழுதி வைத்தல் வேண்டும். இவற்றைப் பயில விரும்பும் மாணவர்கள் பயிற்சிக்கென ஒதுக்கிய கணினியிலேயே பயிலுக. பலர் பயன்படுத்தும் கணினியில் பார்ப்பது தகும்; மாற்றுவது தகாது.

பதினைந்து பைட்டு இடம்

இனி நம் பொருளுக்கு வருவோம். இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கருவகம் ஒரு கட்டமைப்பு வைத்திருக்கிறது. அதன் பெயர் டாஸ்க் ஸ்டிரக்ட். அதனுள் நிரலின் பெயரை எழுத ஒதுக்கிய இடம் 16 பைட்டு. முடிவைக் காட்டும் சுழிக்கு ஒன்று போக, எஞ்சுவது 15. நிரலின் எண்ணுக்குரிய அடைவில் 'காம்' என்னும் கோப்பைப் படித்தால் அப்பெயரைக் காணலாம். அதே கோப்பில் எழுதித் தன் நிரலின் பெயரை மாற்றவும் செய்யலாம்.

அவ்விடத்தில் 'தமிழ்' என எழுதிப் பார்ப்போம். த, மி, ழ் என நாம் மூன்றெழுத்தாக எண்ணும் இச்சொல்லைக் கணினி ஐந்து குறியெண்களாகச் சேமிக்கிறது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டு கொள்ளும். ஆகவே தமிழ் என்னும் சொல் 15 பைட்டு. கருவகம் ஒதுக்கிய இடத்தில் ஒரு பைட்டும் மிகாமல், ஒரு பைட்டும் குறையாமல் நம் மொழியின் பெயர் அமைந்துவிடுகிறது. இது தற்செயலே, ஆயினும் மாணவர் மனத்தில் நிற்கத்தக்க சான்று.

அடுத்து, 'சிங்கப்பூர்' எனப் பெயரிட்ட நிரல் ஒன்றை இயக்குவோம். இது ஆறு எழுத்து, பதினொரு குறியெண், 33 பைட்டு. கருவகம் முதல் 15 பைட்டை மட்டும் ஏற்கும். 'காம்' கோப்பைப் படித்தால் 'சிங்க' என்று மட்டும் வரும். 'மலேசியா' என்பது 'மலேசி' ஆகும். 'மாணவர்' என்பது புள்ளியை இழந்து 'மாணவர' என நிற்கும். ஆங்கிலத்திலோ சிங்கப்பூரின் பெயர் 9 பைட்டில் முடிந்துவிடும்.

பெயரின் முன் 2 என்னும் எண்ணைச் சேர்த்து '2தமிழ்' என எழுதினால் நிகழ்வது இன்னும் கருதத்தக்கது. இப்போது பெயர் 16 பைட்டு. புள்ளிக்குரிய பைட்டுகள் 224, 175, 141 என்பன. அவற்றுள் முதலிரண்டு உள்ளே நிற்க, மூன்றாவது வெட்டுண்ணும். இரண்டு பைட்டு மட்டும் நின்றால் அது எக்குறியும் ஆகாது. திரையில் சிதைந்த குறியொன்று தோன்றும். எழுத்தின் நடுவே வெட்டுகிறோம் என்பதைக் கருவகம் அறியாது; அது எண்ணுவது பைட்டை மட்டுமே.

மாத்திரையும் பைட்டும்

இவ்விடத்தில் மொழியியலாளர் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பியம் எழுத்தை எண்ணுவதோடு நில்லாமல் அளக்கவும் செய்கிறது. குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்க்கு அரை. இவ்வளவையின்படி தமிழ் என்னும் சொல் இரண்டரை மாத்திரை. ஆக, ஒரே சொல்லுக்கு நான்கு கணக்குகள் கிடைத்தன: இரண்டரை மாத்திரை, மூன்றெழுத்து, ஐந்து குறியெண், பதினைந்து பைட்டு.

இவற்றை ஒப்பிடின் ஒரு முரண் புலப்படும். ஒரு மாத்திரை ஒலிக்கும் 'த' மூன்று பைட்டு கொள்கிறது. அரை மாத்திரையே ஒலிக்கும் 'ழ்' ஆறு பைட்டு கொள்கிறது. காரணம் யாது? நம் இலக்கணத்தில் மெய் அடிப்படை. அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கிறது. யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகளோ 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைத் தழுவியவை. அவற்றில் அகரம் ஏறிய உயிர்மெய்யே அடிப்படை. அதன்மேல் புள்ளியை வைத்து அகரத்தை நீக்கினால்தான் மெய் கிடைக்கும். நம் இலக்கணம் கூட்டும் இடத்தில் கணினி கழிக்கிறது. மெய்ம்மயக்கம் மிகுந்த நம் மொழியில் இக்கழித்தல் அடிக்கடி நிகழ்வதால் சொல்லின் நீளமும் பெருகுகிறது.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தந்தால் இக்குறை நீங்காதா எனச் சிலர் வினவலாம். அவ்வாறு அமைந்ததே டேஸ்-16 என்னும் முறை. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டு யூனிகோடோடு அதனையும் ஒரு தரமாக ஏற்றது. அம்முறையில் தமிழ் என்னும் சொல் ஒன்பது பைட்டாகச் சுருங்கும். ஆயினும் சிங்கப்பூர் ஆறெழுத்தாதலின் 18 பைட்டு ஆகும்; 15 பைட்டு இடத்தில் 'சிங்கப்பூ' என்றே நிற்கும். இடம் மிச்சமாகும் என்பது உண்மை. வெட்டு நீங்கும் என்பது உண்மையன்று. இடத்தைப் பைட்டால் வகுப்பவர், எழுத்து என்பது வேறோர் அலகு என உணராதவரை இச்சிக்கல் தீராது.

கருவகத்தின் நடுநிலை

இதனைக் கேட்டுக் கருவகம் தமிழுக்குப் பகை என எண்ணிவிடலாகாது. கோப்புப் பெயர்களை நோக்குக. கருவகம் கோப்புப் பெயரைப் பைட்டு வரிசையாக மட்டுமே கருதுகிறது. சாய்கோடும் சுழியும் தவிர எந்தப் பைட்டையும் பொதுவாக அது மறுப்பதில்லை. 1992ஆம் ஆண்டு கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையில், தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் யாவும் 128க்குக் குறையாதவை. சாய்கோட்டின் மதிப்பு 47. ஆகவே தமிழ்ப் பெயருக்குள் சாய்கோடு ஒளிந்திருக்க வழியே இல்லை. தமிழ் என ஒரு மொழி உண்டு என்பதை அறியாமலேயே கருவகம் தமிழ்க் கோப்புப் பெயரை ஏற்கிறது. எம்மொழியையும் அறியாமை எம்மொழிக்கும் இடமளித்தது.

அளவில் மட்டும் வேறுபாடு உண்டு. பெயரின் பேரெல்லை 255 பைட்டு. ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதலாம். தமிழில் 85 குறியெண். மேலும், அண்மையில் தேடிய பெயர்களைக் கருவகம் 'டென்ட்ரி' என்னும் கட்டமைப்பில் நினைவில் வைத்திருக்கும். குறும்பெயர் அதனுள்ளேயே அடங்கும். நெடும்பெயர்க்குத் தனியிடம் தேட வேண்டும். தமிழ்ப் பெயர் அவ்வெல்லையை விரைவில் கடந்துவிடும். டென்ட்ரிகளின் தொகையை ஸ்லாப்டாப் காட்டும். 'டிராப் கேச்சஸ்' என்னும் கோப்பில் நிருவாகி 2 என எழுதினால், பயன்பாட்டில் இல்லாதவற்றைக் கருவகம் விடுவிக்கும். கட்டளைக்கு முன்னும் பின்னும் பட்டியலைப் பார்த்து மாணவர் அத்தொகை குறைவதைத் தாமே காணலாம்.

பெயரும் பிள்ளையும்

நிரலின் பெயர் வெட்டுண்டால் யாருக்கும் பெருங்கேடு இல்லை. ஆயின் இதே வகையில் இடம் வகுக்கும் பழக்கம் விண்ணப்பங்களிலும் வருகைப் பதிவுகளிலும் சான்றிதழ்களிலும் பரவியிருந்தால் நிலைமை வேறு. 15 பைட்டு இடத்தில் 'செல்வி' என்னும் பெயர் 'செல்வ' ஆகிவிடும். 'கண்ணகி' என்பது 'கண்ணக' ஆகிவிடும். தன் பெயரைத் தமிழில் எழுதினால் கணினி சிதைக்கும், ஆங்கிலத்தில் எழுதினால் சிதைக்காது எனக் காணும் பிள்ளை, தமிழைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்? அம்முடிவைத் திருத்த ஆசிரியரின் அறிவுரை மட்டும் போதாது. குறை மொழியில் இல்லை, அளவுகோலில் உள்ளது என்பதைச் சான்றோடு காட்ட வேண்டும்.

சான்று காட்டுவது எளிது. 'டபிள்யூசி' என்னும் கட்டளை எண்ணிக்கைக்கு உரியது. அதற்கு 'சி' என்னும் விருப்பத்தைத் தந்தால் பைட்டையும், 'எம்' என்பதைத் தந்தால் குறியெண்ணையும் எண்ணும். சொல்லை அதற்கு அனுப்ப 'பிரின்ட்எஃப்' கட்டளையைக் கொள்க. 'எக்கோ' வரிமுடிவு ஒன்றைச் சேர்த்துவிடுமாதலின் எண்ணிக்கை ஒன்று கூடும். எழுத்தையும் மாத்திரையையும் மாணவர் தம் விரல்களாலேயே எண்ணுவர். ஒவ்வொருவரும் தத்தம் பெயர்க்கு இந்நான்கு கணக்கையும் ஒரு தாளில் எழுதட்டும். எழுத்தியல் பாடமும் கணினிப் பாடமும் ஒரே வகுப்பில் நடந்தேறிவிடும்.

இந்நிலத்திற்கு இது புதிதன்று. மலேசியாவில் முத்து நெடுமாறனும் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டனர். 1997ஆம் ஆண்டு தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில்தான் கூடியது. அந்நாளைய கேள்வி, தமிழ் திரையில் தோன்றுமா என்பது. இன்றைய கேள்வி, தோன்றும் தமிழை உள்ளிருக்கும் கணக்கு முழுமையாகக் காக்குமா என்பது. முன்னதற்கு எழுத்துருவும் விசைப்பலகையும் விடையாயின. பின்னதற்கு, பேரேட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்த தமிழ் மாணவரே விடையாதல் கூடும். புதிய மென்பொருள் ஒன்று பள்ளிக்கு வரும்போது, இப்பெட்டியில் எத்தனை எழுத்து என்று கேட்பதோடு நில்லாமல், எவ்வலகில் எண்ணுகிறீர்கள் என்றும் கேட்கப் பழகுவோம். எழுத்து இன்னது, அதன் அளவு இன்னது என வரையறுத்த மரபினர்க்கு அவ்வினா அயலானதன்று.