மார்பகப் புற்றுநோயும் கதிர்ப்படச் சோதனையும்

நோயை முளையிலேயே கண்டுபிடித்தால் உயிரைக் காக்கலாம் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து. கைக்குத் தென்படாத சிறு கட்டியையும் மமோகிராம் எனப்படும் மார்பகக் கதிர்ப்படம் காட்டிவிடுகிறது. ஆகவே, அறிகுறி ஏதுமற்ற பெண்களையும் அழைத்துப் படம்பிடித்தால் மரணங்கள் குறையுமென வைத்திய உலகம் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

நியூயோர்க் நகரில் 1963ஆம் ஆண்டு ஏறக்குறைய 62,000 பெண்களைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி இந்த எதிர்பார்ப்புக்கு ஆதரவளித்தது. 1977இல் சுவீடனின் இரு மாகாணங்களிலே தொடங்கிய ஆராய்ச்சியோ, சோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 31 வீதம் குறைந்ததென 1985இல் அறிவித்தது. மூன்றாண்டு கழித்து, 1988இல், பிரித்தானியா தன் நாட்டுப் பெண்களுக்கு இலவசச் சோதனைத் திட்டமொன்றை ஆரம்பித்தது. 50 வயதைக் கடந்தோருக்கு மூன்றாண்டுக்கொருமுறை அழைப்புக் கடிதம் போயிற்று.

இத்தகைய திட்டத்தின் பயனை அளப்பது தோன்றுமளவுக்கு எளிதன்று. இரு பெண்கள் தமது 70ஆவது வயதில் இந்நோயால் இறக்கின்றனர் எனக் கொள்வோம். ஒருத்திக்கு நோய் 66 வயதில் தெரியவந்தது. மற்றவளுக்குப் படத்தின் உதவியால் 62இலேயே தெரிந்துவிட்டது. கணக்கேட்டில் முன்னவள் நான்காண்டும் பின்னவள் எட்டாண்டும் பிழைத்தவர்களாகக் காண்பர். உண்மையிலோ ஆயுள் ஒருநாளும் நீளவில்லை. நோயாளி என்ற பெயரைச் சுமந்த காலமே நீண்டது. ஆகவே, மரணங்களின் தொகை குறைந்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில புற்றுக்கள் மிக மெதுவாக வளர்வன. படம் பிடிக்காதிருந்தால் அவை வாழ்நாள் முழுவதும் வெளிப்படாமலே போயிருக்கும். எது அத்தகையது என்பதைப் பிரித்தறிய வழியில்லாமையால், சத்திர சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் அனைவருக்கும் அளிக்கப்படுகின்றன. கனடாவில் ஏறத்தாழ 90,000 பெண்களை 25 ஆண்டுகள்வரை பின்தொடர்ந்த ஆராய்ச்சி, படச்சோதனையால் மரணம் குறையவில்லையென 2014இல் முடிவுகூறியது. அம்முடிவும் கடும் விவாதத்துக்குள்ளானது.

பிரித்தானியாவில் பேராசிரியர் மைக்கல் மார்மொட் தலைமையிலான குழு 2012இல் கணக்கை நேராகவே எடுத்துரைத்தது: 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை இருபதாண்டுகள் அழைத்துச் சோதித்தால் 43 மரணங்கள் தவிர்க்கப்படும், 129 பேர் தேவையற்ற சிகிச்சைக்கு ஆளாவர். ஓர் உயிருக்கு மூவர் என்ற விகிதம் அது. இக்கணக்கை மறைத்து, வருக என்று மாத்திரம் அழைத்த பழைய துண்டுப்பிரசுரங்கள் பெண்களின் அறிவுக்கு உரிய மதிப்பளித்தன என்று கூறமுடியாது. 2013இல் அவை மாற்றியெழுதப்பட்டன. கட்டியைத் தானே உணர்ந்த பெண்ணுக்கோ இவ்விவாதம் எதுவும் பொருந்தாது. அவள் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டியவள்.

விலையுயர்ந்த யந்திரங்கள் எங்கும் இல்லாத நாடுகளின் நிலை என்ன? மும்பாயில் 1998இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்கள்வரை சேர்க்கப்பட்ட ஆராய்ச்சியொன்றில் பயிற்சிபெற்ற சுகாதார ஊழியர்கள் கையாலேயே பரிசோதித்தனர். 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே மரணம் ஏறக்குறைய 30 வீதம் குறைந்ததெனவும், இளையோரிடையே பயன் காணப்படவில்லையெனவும் 2021இல் அறிக்கை வந்தது. இலங்கையில் 1996 முதல் இயங்கிவரும் சுகவனிதையர் கிளினிக்குகளிலும் கைப்பரிசோதனையே நடைபெறுகிறது.